துணிக்குத் திறந்த கதவு: அல்தியா மெக்னிஷின் பருத்தி அச்சும் நமது கேள்விகளும்

1959ஆம் ஆண்டு மே மாதம். லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கெல்சோ காக்ரேன் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று நடுத்தெருவில் குத்திக் கொன்றது. அவர் ஆன்டிகுவாவில் பிறந்தவர், தச்சு வேலை செய்து பிழைத்தவர். அதற்கு முந்தைய ஆண்டு, 1958 ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும், அதே பகுதியில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த மக்களின் வீடுகள் தாக்கப்பட்டிருந்தன. வாடகை வீட்டு விளம்பரங்களில் 'கறுப்பர் வேண்டாம்' என்று வெளிப்படையாக எழுதிய காலம் அது.

அதே 1959இல் அதே நாட்டின் கடைகளுக்கு ஒரு திரைச்சீலைத் துணி வந்தது. பெயர் 'கோல்டன் ஹார்வெஸ்ட்', அதாவது பொன் அறுவடை. பருத்தி சாட்டின் துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டது. முற்றிய கதிர்கள் தடித்த தண்டுகளோடு, வெயிலின் மஞ்சளும் செம்பழுப்பும் கறுப்புமாகத் துணி முழுக்க நின்றன. வெளியிட்ட ஹல் டிரேடர்ஸ் நிறுவனத்துக்கு மற்ற எந்த டிசைனையும்விட அதிகம் விற்றது இதுதான். 1970கள் வரை அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைக் குடும்பங்களின் வரவேற்பறைச் சன்னல்களில் அந்தத் துணி ஆண்டுக்கணக்கில் தொங்கியது.

அதை வரைந்தவர் அல்தியா மெக்னிஷ். ட்ரினிடாடில் பிறந்த கறுப்பினப் பெண்.

துணிக்குத் திறந்த கதவு, அத்துணியை வரைந்தவரின் மக்களுக்குத் திறக்கவில்லை. நமக்கு இது புதிய செய்தியல்ல. நாம் தைத்த செருப்பு நடந்த தெருவில் நாம் செருப்போடு நடக்க முடியாது. நாம் அறுத்துக் கொடுத்த நெல் போன வீட்டுத் திண்ணையில் நாம் உட்கார முடியாது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த 'நவீன' பருத்தி அச்சுத் துணிகளின் வரலாற்றை நாம் படிக்கும்போது, அழகு பற்றிய கேள்வியோடு நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. யார் நெய்தார், யார் வரைந்தார், யாருடைய பெயர் நின்றது, யாருக்கு உடுத்த உரிமை இருந்தது என்று கேட்கவேண்டியிருக்கிறது.

சீட்டியின் பழைய கணக்கு

அச்சுப் பருத்திக்குத் தமிழில் சீட்டி என்று பெயர். ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்பதும் இதே வேரிலிருந்து போன சொல். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய சீட்டி, ஐரோப்பாவின் படுக்கையறைகளையும் பெண்களின் உடைகளையும் பிடித்துக்கொண்டது. துவைத்தாலும் போகாத நிறம் அவர்களை மயக்கியது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் அவர்கள் அறியாத நுட்பம். தங்கள் நெசவாளர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று பயந்து பிரான்ஸ் 1686இல் அச்சுப் பருத்தியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1701இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுத்தது.

பாடப்புத்தகம் இக்கதையை இந்தியக் கைவினையின் பெருமை என்று சொல்லி முடித்துவிடும். அதன் மறுபக்கம் இருக்கிறது. இந்தியப் பருத்தித் துணிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கும் நாணயமாகவும் பயன்பட்டன. புதுச்சேரி வழியாகப் போன நீலத் துணி செனகல் வரை அந்த வணிகத்தில் ஓடியது. பிறகு மான்செஸ்டர் ஆலைகள் எழுந்தன. 1783இல் தாமஸ் பெல் செதுக்கிய உருளையால் துணி அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சை அமெரிக்கத் தெற்கில் அடிமைகள் பறித்துக் கொடுத்தார்கள். பூப்போட்ட ஒரு கவுனுக்குப் பின்னால் மூன்று கண்டங்களின் கட்டாய உழைப்பு இருந்தது.

இந்தியாவுக்குள் நிறத்தின் நிலை என்ன? மனுநூலின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டினால் போதும். சண்டாளர் என்று அது ஒதுக்கிய மக்களுக்கு விதித்த உடை பிணத்தின் துணி. அதே அத்தியாயம், இக்கட்டில் வணிகம் செய்ய நேரும் பார்ப்பனர் விற்கக்கூடாத சரக்குகளின் பட்டியலில் சாயம் தோய்த்த துணியையும் அவுரியையும் சேர்க்கிறது. சாயத்தில் கை நனைப்பது இழிவு என்றது சாத்திரம். அந்தச் சாயம் ஏறிய பட்டைக் கட்டிக்கொள்வது மட்டும் யாருக்கும் இழிவாகவில்லை.

போருக்குப் பிந்தைய நிறப்பசி

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் துணிக்கும் ரேஷன். 1941இல் தொடங்கி 1949 வரை நீடித்தது. அரசு வகுத்த சிக்கனத் திட்டத்தின்கீழ் வந்த துணிகளில் கோலங்கள் மிகச் சிறியவை. பெரிய கோலம் என்றால் தைக்கும்போது ஒன்றோடொன்று பொருத்துவதில் துணி வீணாகும் என்பது காரணம். எட்டாண்டுகள் இப்படி வாழ்ந்த மக்களுக்கு நிறத்தின்மேல் பசி வந்தது.

1951இல் 'பிரிட்டன் விழா' லண்டனில் நடந்தது. அதில் லூசியென் டே வரைந்த 'கேலிக்ஸ்' என்ற திரைச்சீலை வைக்கப்பட்டது. ரோஜாக் கொத்தும் கொடியுமாக இருந்த பழைய கோலத்தை அது உதறியது. கிண்ணங்கள் போன்ற வடிவங்கள் மெல்லிய கோடுகளில் மிதந்தன. வெளியிட்ட ஹீல்ஸ் கடைக்காரர்களுக்கே அது விற்கும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனால் விற்றது, மிலான் கண்காட்சியில் தங்கப்பதக்கமும் பெற்றது. அதே 1951இல் ஃபின்லாந்தில் ஆர்மி ராட்டியா மாரிமெக்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். பளிச்சென்ற பருத்தி அச்சுகள் அங்கே சன்னலுக்கும் மேசைக்கும் உடைக்கும் ஒன்றாகவே வந்தன.

இந்த மாற்றத்துக்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். செம்பு உருளையில் அச்சிட வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளையைச் செதுக்க வேண்டும். செலவு அதிகம். ஆயிரக்கணக்கான கெஜம் ஓடினால்தான் கட்டும். கோலத்தின் அளவும் உருளையின் சுற்றளவைத் தாண்ட முடியாது. ஸ்கிரீன் பிரிண்டிங் அப்படியல்ல. மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, நிறம் இறங்க வேண்டிய இடத்தைத் திறந்துவிட்டு மற்றதை அடைத்துவிடுவார்கள். சாயத்தை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் திறந்த இடத்தில் மட்டும் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். குறைந்த அளவும் அச்சிடலாம், கோலத்தையும் பெரிதாக வைக்கலாம், தூரிகை இழுத்த தடத்தைக்கூடத் துணியில் கொண்டுவரலாம். ஆகவே சிறிய நிறுவனங்களும் புதிய ஓவியர்களும் உள்ளே வர வழி கிடைத்தது.

வழி கிடைத்ததும் எல்லோரும் வந்துவிடவில்லை. அந்தக் கால வடிவமைப்பு வரலாற்றில் பெண்களின் பெயர்கள் ஓரளவு கிடைக்கின்றன. கறுப்பினப் பெண்ணின் பெயர் என்று தேடினால் அநேகமாக ஒன்றில் வந்து நிற்கும்.

ட்ரினிடாடிலிருந்து

அல்தியா மெக்னிஷ் 1924இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தார். அம்மா தையல் தொழில் செய்தவர். அப்பா எழுத்தும் பதிப்பும் அறிந்தவர். அப்பாவின் முன்னோர் 'மெரிக்கின்' எனப்பட்டவர்கள். அமெரிக்கப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்து, 1812இல் தொடங்கிய போரில் தப்பி பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, போர் முடிந்தபின் ட்ரினிடாடின் தென்பகுதியில் நிலம் பெற்றுக் குடியேறிய மக்கள். ஓடி வந்து விடுதலையைப் பிடுங்கிக்கொண்ட பரம்பரை.

அவரை ஏழைக் குடிசையிலிருந்து எழுந்தவர் என்று நாம் சித்திரிக்கத் தேவையில்லை. படித்த நடுத்தரக் குடும்பம். சிறு வயதிலேயே ஓவியம் பழகினார், தீவின் ஓவியர் சங்கத்தில் இளம் உறுப்பினராக இருந்தார். பிறகு அரசுப் பணியில் வரைபடங்களும் பூச்சிகளின் விளக்கப்படங்களும் வரைந்தார். ஒரு வண்டின் காலில் எத்தனை கணு என்று பார்த்து வரையும் கை அது. 1951இல் அம்மாவோடு லண்டனுக்கு வந்தார். அப்பா ஏற்கெனவே அங்கே இருந்தார்.

கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு அச்சுக்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். இந்த முடிவுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நாம் கருதுகிறோம். மாலை வகுப்பில் சிற்பி எடுவார்டோ பாவ்லோட்சியிடம் பயின்றபோது துணி அச்சின் பக்கம் ஈர்ப்பு வந்தது. ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் அதையே எடுத்துப் படித்து 1957இல் வெளியே வந்தார். வந்த கையோடு லிபர்ட்டி கடையின் தலைவர் ஆர்தர் ஸ்டூவர்ட்-லிபர்ட்டி அவரிடம் டிசைன்கள் கேட்டார். அன்றே ஒரு டாக்சியில் ஏற்றி ஜிகா ஆஷரிடமும் அனுப்பினார். ஆஷர் செக் நாட்டிலிருந்து வந்தவர், டியோர் போன்ற பெரிய உடை நிறுவனங்களுக்குத் துணி கொடுத்துக்கொண்டிருந்தவர். இப்படி முதல் ஆண்டுகளிலேயே வீட்டுத் துணி, உடைத் துணி இரண்டிலும் மெக்னிஷின் கை பதிந்தது. 1966இல் எலிசபெத் ராணி ட்ரினிடாட் போனபோது அவரது உடைக்கான துணிக்கும் மெக்னிஷ் வரைந்தார்.

அச்சுக்கலை படித்ததன் பலன் பட்டறையில் தெரிந்தது. இத்தனை நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று இறங்காது, இந்தத் தூரிகைத் தடம் துணியில் வராது என்று அச்சுக்காரர்கள் சொல்வார்கள். மெக்னிஷ் பட்டறைக்கே போய் எப்படிச் செய்யலாம் என்று காட்டிக் கொடுப்பார். பிறகு அது வரும். படம் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால், முடியாது என்ற ஒரு சொல்லில் அவரது நிறங்கள் வெட்டப்பட்டிருக்கும். தொழிலின் முழு அறிவும் கையில் இருந்ததால் யாரும் அவரை மறுத்துவிட முடியவில்லை.

கோதுமையும் கரும்பும்

'பொன் அறுவடை' எசெக்ஸ் வயல்களில் பிறந்தது. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஓவியர் எட்வர்ட் பாடனின் கிராமத்து வீட்டுக்குப் போனபோது, முற்றிய கோதுமை வயலுக்குள் நடந்தார் மெக்னிஷ். சிறுவயதில் பார்த்த கரும்புத் தோட்டம் நினைவுக்கு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த நடையில் பிறந்த கோலம்தான் பிறகு துணியானது.

ஆங்கிலேயர் அதில் தங்கள் நாட்டுக் கோதுமையைப் பார்த்தார்கள். அதற்குள் கரும்பு இருந்தது. ட்ரினிடாடின் கரும்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1830கள் வரை ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டினார்கள். அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். 1845 மே 30 அன்று முதல் கப்பல் கரை சேர்ந்தது. 1917 வரை ஏறத்தாழ 1,40,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள், ஒரு பகுதியினர் சென்னையிலிருந்து. பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் ஊரை விட்டு ஓடிய ஒடுக்கப்பட்ட மக்கள் அவர்களில் நிறைய. இங்கே பண்ணையாளாக இருந்தவர் அங்கே தோட்டக்கூலி ஆனார்.

ஆக, அந்தத் துணியில் நிற்கும் தண்டுகளுக்குள் நம் மக்களின் வியர்வையும் ஒரு துளி இருக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல. அல்தியாவின் முன்னோர் தப்பித்து வந்த பண்ணையும், நம் முன்னோர் கடல் கடந்து போய்ச் சேர்ந்த தோட்டமும் ஒரே பொருளாதாரத்தின் இரண்டு கைகள்.

'ரத்தத்தில் ஊறியது' என்னும் பொய்

மெக்னிஷின் துணிகளைப் பற்றிப் பேசும் பலரும் அவற்றை 'வெப்பமண்டல நிறங்கள்' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகிறார்கள். தம் கண் வெப்பமண்டலக் கண் என்று அவரும் பெருமையோடு சொன்னதுண்டு. ஆனால் அவர் அதைச் சொல்வதும் மற்றவர் சொல்வதும் ஒன்றல்ல. அவர் சொன்னால் அது நான் பார்த்து வளர்ந்த உலகம் என்று பொருள். மற்றவர் சொன்னால், அவருக்குப் பிறப்பிலேயே வந்தது என்று பொருள். வண்டுகளை வரைந்த ஆண்டுகளும், அச்சுக் கல்லூரியும், ராயல் கல்லூரியும், பட்டறையில் நின்ற நேரமும் அந்த ஒரு தொடரில் காணாமல் போய்விடுகின்றன.

நம் பறையாட்டக் கலைஞரைப் பார்த்து 'அது அவங்க ரத்தத்திலேயே ஊறினது' என்று மேடையில் புகழ்கிறார்களே, அதே தந்திரம்தான். அடியை எண்ணி எண்ணிப் பழகிய பயிற்சியை, தோலைக் காய்ச்சி இழுத்துக் கட்டும் அறிவை, ஒரு வார்த்தையில் பிறப்பாக மாற்றிவிடுவார்கள். பிறப்பால் வந்ததற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, பட்டம் கொடுக்க வேண்டியதில்லை, கல்லூரியில் ஆசிரியர் பதவியும் கொடுக்க வேண்டியதில்லை. புகழ்ச்சி போல வரும் இந்த இழிவை நாம் அடையாளம் காணப் பழக வேண்டும்.

நாடாவும் வாயும்

இனி நம் பக்கம் திரும்புவோம். மெக்னிஷுக்கு ஓரளவாவது திறந்த பட்டறைக் கதவு, இந்தியாவின் பருத்தித் தொழிலில் நமக்கு எப்படி இருந்தது?

பம்பாய் ஆலைகளில் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களுக்கு நூற்புப் பிரிவில் வேலை உண்டு. கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் இடமில்லை. காரணம் நாடா. ஊடை நூல் தீர்ந்ததும் புதிய தாரை நாடாவில் வைத்து, அதன் துளை வழியே நூல் முனையை வாயால் உறிஞ்சி வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாடாவில் பலர் வாய் வைப்பார்கள். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். வர்க்க ஒற்றுமை பேசிய சங்கங்களுக்கு இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை.

அண்ணல் அம்பேத்கருக்குத் தெரிந்தது. 1928இல் பம்பாய் ஜவுளி ஆலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, நெசவுப் பிரிவில் எங்கள் மக்களுக்கு இடம் வேண்டும் என்பதையும் கோரிக்கைகளில் சேர்க்கச் சொன்னார். தொழிற்சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் ஏற்றார்கள். தங்கள் தோழர்கள் இழைக்கும் அநீதியை முதலாளியிடம் போய் முறையிடுவதில் உள்ள கோணல் அவர்களுக்கே புரிந்திருக்கும்.

இந்தச் சண்டை கூலிக்காக மட்டும் நடந்ததல்ல. பஞ்சு நூலாகும் இடத்தில் நாம் இருக்கலாம், நூல் துணியாகும் இடத்தில் இருக்கக்கூடாது. அழுக்கும் தூசியும் நமக்கு, உருவம் கொடுக்கும் வேலை அவர்களுக்கு. அடுத்த படியான அச்சும் கோலமும் இன்னும் எட்டாத தூரம். எந்த நூற்றாண்டில் எந்தத் தொழிலைப் பார்த்தாலும் ஒடுக்கப்பட்டவரை நிறுத்தி வைக்கும் கோடு இங்கேதான் விழுகிறது.

உடுத்தும் உரிமை

செய்யும் உரிமை இப்படி என்றால் உடுத்தும் உரிமை? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்று ஆயின. இதை ஜே.எச். ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

ஆண்டைக் கவனியுங்கள். இது மனு காலம் அல்ல. மில்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். பூப்போட்ட சீட்டித் துணி சந்தைக்குச் சந்தை விற்ற காலம். காசு இருந்தால் யாரும் வாங்கலாம் என்றது சந்தை. வாங்கி உடுத்தினால் வீட்டைக் கொளுத்துவேன் என்றது சாதி. மலிவான மில் அச்சுத் துணியைப் பண்பாட்டுச் சீரழிவு என்று புலம்பியவர்கள் உண்டு. எந்தச் சாதிக்கு எந்தக் கரை, எந்த நிறம் என்ற கணக்கில் வளராத அந்த மில் துணி, கைத்தறியின் அழகைக் கெடுத்திருக்கலாம். ஆனால் நம் பாட்டிமார்களுக்கு அது முதல் ரவிக்கை. பூப்போட்ட ஒரு முழத் துணி அவர்கள் உடம்பில் ஏறிய நாள், எதிர்ப்பின் நாள்.

1927 டிசம்பரில் மகாடு மாநாட்டில் அண்ணல் பெண்களிடம் தனியாகப் பேசியபோது உடையைப் பற்றித்தான் பேசினார். சாதி அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதை விடுங்கள், கனத்த மலிவு நகைகளைக் கழற்றுங்கள், கிழிந்திருந்தாலும் சுத்தமாக உடுத்துங்கள் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் உடனே சேலைக் கட்டை மாற்றிக் கட்டினார்கள். உடை நமக்கு ஒருபோதும் வெறும் ரசனையாக இருந்ததில்லை.

இந்த இடத்தில் நின்று மெக்னிஷைப் பார்த்தால் அவர் செய்தது முழுதாகப் புரிகிறது. 'நிறத்தவர்' என்று ஒதுக்கியவர்களின் சாம்பல் நிற வீடுகளுக்கு நிறம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தவர் ஒரு நிறத்தவர்.

ஒருவர் வென்றால் போதுமா?

போதாது. 'பொன் அறுவடை' விற்றுக்கொண்டிருந்தபோதே, 1962இல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வந்து கரீபிய, இந்தியத் துணைக்கண்ட மக்களின் வருகையைக் கட்டுப்படுத்தியது. ஒரு மெக்னிஷின் வெற்றி அந்தச் சட்டத்தைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியது அவர் கடமையும் அல்ல. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் மேலே வந்ததும், 'பார்த்தீர்களா, திறமை இருந்தால் யாரும் வரலாம்' என்று மற்றவர் வாயை அடைப்பது ஆதிக்கத்தின் வழக்கம்.

மெக்னிஷ் தனியாக நின்றுவிடவில்லை. 1966இல் கமாவ் பிராத்வெய்ட், ஜான் லா ரோஸ், ஆண்ட்ரூ சால்கி ஆகியோர் லண்டனில் கரீபியக் கலைஞர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கவிஞர்களும் ஓவியர்களும் சேர்ந்த அந்த இயக்கத்தின் கண்காட்சிகளில் அவரும் பங்கெடுத்தார். டியோருக்கு வரைந்த கை தன் மக்களின் மேடைக்கும் வந்தது. 1976இல் ட்ரினிடாட் அரசு அவருக்குச் சக்கோனியா தங்கப்பதக்கம் அளித்தது.

பிரிட்டனோ நெடுநாள் அவரை ஓரத்திலேயே வைத்திருந்தது. லூசியென் டேயின் பெயர் பாடமானது. மெக்னிஷின் துணி அருங்காட்சியகத்துக்குப் போனது, பெயர் பொதுநினைவுக்கு வரவில்லை. 2020 ஏப்ரலில், 95 வயதில் இறந்தார். லண்டன் வில்லியம் மாரிஸ் காட்சியகத்தில் அவர் படைப்புகளுக்கான பெரிய கண்காட்சி நடந்தது 2022இல். பார்க்க அவர் இல்லை. இறந்தபின் மாலை போடும் பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

இன்றைய துணி

இன்று ஐரோப்பிய வீடுகளின் சன்னலுக்கும் மேசைக்கும் படுக்கைக்கும் போகும் பருத்தித் துணியில் கணிசமானது கரூரிலிருந்து போகிறது. உடைகள் திருப்பூரிலிருந்து போகின்றன. நூல் திண்டுக்கல், கோவைப் பக்க மில்களிலிருந்து வருகிறது. அந்த மில் விடுதிகளில் அடைந்து கிடந்து திருமணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகையை எதிர்பார்த்து உழைத்த சிறுமிகளில் பெரும்பகுதியினர் நம் வீட்டுப் பிள்ளைகள். சாய ஆலைகளின் கழிவு கலந்த நொய்யலின் கதையை எல்லோரும் அறிவோம்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பாலியல் துன்புறுத்தலும் சாதியும் சேர்ந்து செய்த கொலை என்று தொழிலாளர்கள் எழுந்தார்கள். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் போராடியது. 2022இல் அந்த ஆலை நிர்வாகமும் எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. பாலினக் கொடுமையோடு சாதிக் கொடுமையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒப்பந்தம் அது. 1928இல் நெசவுப் பிரிவின் கதவைத் தட்டிய கையின் தொடர்ச்சி இது என்று நாம் சொல்வோம்.

ஆனால் தைக்கும் இடத்தில் பாதுகாப்பு கிடைப்பது முதல் படி. வரையும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? வடிவமைப்புக் கல்லூரிகளின் கட்டணத்தைப் பாருங்கள். ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். இட ஒதுக்கீட்டில் நுழையும் மாணவரை அவர் பேசும் ஆங்கிலத்தாலும் ரசனை என்ற அளவுகோலாலும் எடைபோடும் வகுப்பறைகளைப் பாருங்கள். ரசனை என்பது நடுநிலையான சொல் அல்ல. யார் வீட்டில் எது தொங்கியது என்பதன் வரலாறு அது.

கைத்தறி, கைவினை என்று விற்கும் கடைகளிலும் இதே கேள்வி உண்டு. அட்டையில் ஊரின் பெயர் இருக்கும், முறையின் பெயர் இருக்கும், 'நூற்றாண்டுகளின் மரபு' என்ற வாசகம் இருக்கும். சாயத்தில் கை கறுத்த ஆளின் பெயர் இருக்காது. மரபு என்ற சொல் பல நேரங்களில் பெயரை அழிக்கும் சொல்லாகவே வேலை செய்கிறது. லண்டனில் டிசைனர் என்றால் பெயர். நம் ஊரில் சாயக்காரர் என்றால் சாதி.

நாம் கேட்பது மூன்று. பருத்தித் தொழிலில் ஈடுபடும் ஒவ்வொரு தலித் பெண்ணுக்கும் மரியாதையான கூலியும் அச்சமில்லாத வேலையிடமும் வேண்டும். வடிவமைப்புக் கல்லூரிகளில் இட ஒதுக்கீடு முழுமையாக நிரப்பப்பட வேண்டும், மாணவர் சேர்க்கையில் மட்டுமல்ல, ஆசிரியர் பணியிலும். கைவினைத் துணி விற்கும் அரசு நிறுவனங்கள் செய்தவரின் பெயரைத் துணியோடு சேர்த்து அச்சிட வேண்டும்.

நம் பிள்ளைகள் அல்தியா மெக்னிஷ் என்ற பெயரை அறிய வேண்டும். அவர் வென்றார் என்பதற்காக மட்டும் அல்ல. அச்சு யந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் கற்றுக்கொண்டு, முடியாது என்று சொன்னவரின் பட்டறைக்கே போய் முடியும் என்று காட்டியவர் என்பதற்காக. 'கற்பி' என்று அண்ணல் சொன்னதற்குள் இதுவும் அடங்கும். நூல் நூற்கும் இடத்தோடு நம்மை நிறுத்திய கோட்டை, நிறத்தைத் தீர்மானிக்கும் மேசைவரை போய் அழிக்கும் கடமை நமக்கு மிச்சமிருக்கிறது.

ஜெய் பீம்.